ரோஸ் கலர் பெட்டிகள்

1996-ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்கக் கடைகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் கேம் வந்தது. பெயர் ‘பார்பி ஃபேஷன் டிசைனர்’. பார்பி பொம்மையைச் செய்யும் மாட்டெல் கம்பெனியே வெளியிட்டது. முதல் இரண்டு மாதங்களில் ஐந்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. துப்பாக்கி, பந்தயக் கார், அரக்கன் எதுவும் அதில் கிடையாது. என்ன மாதிரி உடுப்பு, என்ன நிறம், பூப்போட்டதா கோடு போட்டதா என்று பிள்ளை முடிவு செய்யும். அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு திரையில் பார்பி மேடை ஏறி நடந்து காட்டுவாள். பிடித்துப்போனால், பெட்டிக்குள் தந்திருக்கும் தாள் ஒட்டிய துணியைப் பிரிண்டரில் செருகி அச்சடித்து, வெட்டி, ஒட்டி, வீட்டில் இருக்கும் பொம்மைக்கு மாட்டிவிடலாம்.

இன்றைக்கு யாராவது அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தால் உள்ளே சிடி இருக்கும். கொடுத்துவைத்திருந்தால் கையேடும் இருக்கும். துணி மட்டும் இருக்காது. எந்தப் பிள்ளை அதை வெட்டாமல் வைத்திருக்கும்? ஆசை தீர விளையாடியிருக்கிறாள் என்பதற்கு அந்தக் காலி உறைதான் சாட்சி. ஆனால் இந்த கேமைப் பத்திரப்படுத்த நினைக்கும் ஆளுக்கு அங்கேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. சிடியில் உள்ளதை முழுக்கக் காப்பி எடுத்தாலும் பாதி கேம்தான் நம் கையில் இருக்கும்.

நான் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு நகர நூலகத்தில் வேலை பார்க்கிறேன். மக்கள் நன்கொடையாகக் கொடுக்கும் புத்தகங்களையும் மற்ற சாமான்களையும் பிரித்து, நூலகத்துக்கு ஆகாததை விற்பனை மேசைக்கு அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. பழைய கம்ப்யூட்டர் சிடிக்களை யாரும் வாங்குவதில்லை, ஆகவே குப்பைக்கு அனுப்பலாம் என்பது பல இடங்களில் எழுதாத வழக்கம். ஆனாலும் கவனித்துப் பார்த்தால், எல்லா சிடிக்கும் ஒரே கதி நேர்வதில்லை. ‘டூம்’, ‘மிஸ்ட்’ மாதிரி புகழ்பெற்ற கேம்கள் வந்தால் யாராவது ஒருவர் ‘அதைக் கொடுங்கள், நான் வைத்துக்கொள்கிறேன்’ என்று கை நீட்டிவிடுவார். பெண்பிள்ளைகளுக்கென்று செய்த கேம்களின் ரோஸ் கலர் பெட்டிகளுக்கு அப்படிக் கை நீட்ட ஆள் வருவதில்லை. அதனால்தான் நான் நீட்டத் தொடங்கினேன். இப்போது என் வீட்டில் ஓர் அலமாரி முழுக்க அவைதான்.

இந்தப் பெட்டிகள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பெண்களையும் இழுக்க வேண்டும் என்ற எண்ணம் வீடியோ கேம் தொழிலுக்குப் புதிதல்ல. 1980-இல் ஜப்பானில் ‘பேக்-மேன்’ உருவாக்கிய தோரு இவாதானி, ஆண்கள் கூட்டமாகவே இருந்த விளையாட்டுக் கூடங்களுக்குப் பெண்களும் வர வேண்டும் என்றுதான் சாப்பிடுவதை வைத்து ஒரு விளையாட்டை யோசித்ததாகச் சொல்லியிருக்கிறார். பின்னாளில் ‘சோனிக்’ கேமால் உலகப் புகழ் பெற்ற யூஜி நாகா, சேகா கம்பெனியில் சேர்ந்து முதன்முதலில் செய்தது ‘கேர்ள்ஸ் கார்டன்’ என்ற கேம். ஒரு சின்னப் பெண் கரடிகளிடம் மாட்டாமல் பூப்பறிக்க வேண்டும். அமெரிக்காவிலும் 1980-களிலேயே ‘ஸ்ட்ராபெர்ரி ஷார்ட்கேக்’, ‘கேபேஜ் பேட்ச் கிட்ஸ்’ என்று பொம்மைகளின் பெயரில் கேம்கள் வந்தன.

ஆனாலும் இது ஓர் இயக்கம் மாதிரி எழுந்தது 1990-களின் நடுவில். அப்போது வீடுகளில் சிடி டிரைவ் வைத்த கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. பையன்கள் அதன்முன் உட்கார்ந்து பழகி, அந்தப் பழக்கத்திலேயே கம்ப்யூட்டர் படிப்புக்குப் போகிறார்கள். பெண்பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்களோ என்ற கவலை ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் வந்தது. தொழில் நடத்துபவர்களுக்கு வேறொரு கணக்கு: பிள்ளைகளில் பாதிப்பேர் நம் கடைக்கே வரவில்லையே! கவலையும் கணக்கும் ஒரே நேரத்தில் சேர்ந்ததால் நாலைந்து வருடங்களுக்கு இந்த கேம்கள் பெருகின. கௌபாய் துப்பாக்கிச் சண்டை கேம்களுக்குப் பேர்போன ஒரு கம்பெனிக்குள்ளிருந்துதான் 1995-இல் ‘மெக்கென்சி அண்ட் கோ’ வந்தது. பள்ளி நடன விழாவுக்கு ஒரு பெண் தயாராவது அதன் கதை. அதைச் செய்த பிரிவுதான் பிறகு ‘ஹெர் இன்டராக்டிவ்’ என்று தனியாகி, 1998 முதல் நான்சி ட்ரூ துப்பறியும் கேம்களை வெளியிட்டது.

அந்த வருடங்களைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் பேசுவது பிரெண்டா லாரலைப் பற்றித்தான். நாடகத்துறையில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அடாரி வீடியோ கேம் கம்பெனியில் வேலை பார்த்தவர். கம்ப்யூட்டரை நாடக மேடையாக வைத்துப் பார்த்து ஒரு புத்தகமே எழுதியவர். மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன் பணம் போட்ட இன்டர்வெல் ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனத்தில் இருந்தபோது, ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள 1,100 பிள்ளைகளிடம் அவருடைய குழு பேசியது. விளையாட்டு என்றால் உங்களுக்கு என்ன, ஏன் கம்ப்யூட்டர் கேம் ஆடுவதில்லை என்று கேட்டார்கள். ‘சண்டை பிடிக்கவில்லை’ என்ற பதிலைத்தான் பெரியவர்கள் எதிர்பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய குறை, கேமில் வரும் ஆட்கள் சப்பென்று இருக்கிறார்கள், அவர்களுக்குக் கதை இல்லை என்பதுதான்.

அந்தப் பேச்சுகளிலிருந்து 1996-இல் ‘பர்ப்பிள் மூன்’ கம்பெனி பிறந்தது. அடுத்த வருடம் ‘ராக்கெட்ஸ் நியூ ஸ்கூல்’ வந்தது. ராக்கெட் என்ற பெண் புதுப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேருகிறாள். அன்று முதல் நாள். யாரும் தெரியாது. எங்கே உட்காருவது, யாரைப் பார்த்துச் சிரிப்பது, அலட்சியமாகப் பேசுகிறவளுக்கு என்ன பதில் சொல்வது என்று ஒவ்வோர் இடத்திலும் கதை நின்றுவிடும். ராக்கெட்டின் மனத்தில் ஓடும் மூன்று எண்ணங்களைத் திரை காட்டும். தைரியமாக இருக்கலாம், பயந்து ஒதுங்கலாம், வெடுக்கென்று பேசலாம். நாம் தேர்ந்தெடுப்பதற்கு ஏற்பக் கதை வேறு பக்கம் திரும்பும். வேண்டாம் என்றால் திரும்ப வந்து வேறு எண்ணத்தைப் பிடித்துப் பார்க்கலாம். நடுவில் மற்ற பிள்ளைகளின் லாக்கர்களைத் திறந்து பார்க்கவும் விடுவார்கள். வெளியே முறைப்பாக நடக்கிறவளின் லாக்கருக்குள் வேறொருத்தி இருப்பாள்.

இந்த கேமை நானே ஆடிப் பார்த்தபோது எனக்கு நாற்பது வயது நெருங்கியிருந்தது. ஆனாலும் அந்த முதல் நாளில் நெஞ்சு படபடத்தது. ஒன்பதாம் வகுப்பில் நான் தமிழ் மீடியத்திலிருந்து இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு மாறினேன். முதல் வாரம் யாரும் என்னிடம் பேசவில்லை. ‘இப்படிச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்’ என்று அன்றைக்கு நான் மனசுக்குள் ஓட்டிப் பார்த்ததை ஒருத்தர் கேமாகச் செய்து, கடையில் வைத்து விற்றிருக்கிறார்! மதிப்பெண், எதிரி, கடிகாரம் எதுவும் தேவைப்படவில்லை. வெளிவந்த காலத்தில் இதை இரண்டு பக்கமும் அடித்தார்கள். கேம் ஆடுகிற ஆண்கள் இது கேமே இல்லை என்றார்கள். பெண்ணியவாதிகளில் சிலர், பெண்பிள்ளை என்றால் பள்ளி வம்பும் தோழிச் சண்டையும்தானா என்று கேட்டார்கள். இரண்டாவது கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லவாவது கேம் நம் கையில் இருக்க வேண்டும்.

பர்ப்பிள் மூனுக்கு இணையத்திலும் ஒரு பெரிய வாசல் இருந்தது. பிள்ளைகள் அங்கே வந்து ஒருவருக்கொருவர் அட்டைகள் அனுப்பிக்கொள்வார்கள், சின்னச் சின்னப் பொக்கிஷங்களைச் சேர்ப்பார்கள், ராக்கெட்டின் பள்ளிப் பத்திரிகையைப் படிப்பார்கள். 1999 பிப்ரவரியில் முதலீட்டாளர்கள் கம்பெனியை மூடினார்கள். கொஞ்ச நாளில் மாட்டெல் அதை வாங்கிக்கொண்டது. பார்பியின் வீட்டுக்கே ராக்கெட் போய்ச் சேர்ந்தாள். அந்த இணையதளத்தின் சில பக்கங்களை இன்டர்நெட் ஆர்க்கைவ் எடுத்து வைத்திருக்கிறது. பக்கம் தெரிகிறது, பிள்ளைகள் அனுப்பிக்கொண்ட அட்டைகள் சர்வரோடு போயின. பன்னிரண்டு வயதுப் பெண்கள் 1998-இல் எதைப் பற்றி எழுதிக்கொண்டார்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய ஆவணம் வேறு இருந்திருக்காது.

எங்கள் மாநிலத்தை வைத்தே வந்த கேம் ஒன்று உண்டு. 1995-இல் தெரசா டங்கனும் மோனிகா கெசுவும் சேர்ந்து செய்த ‘சாப் சூயி’. வடகிழக்கு ஒஹாயோவில் கார்ட்லண்ட் என்ற சின்ன ஊர். லில்லி, ஜூன் என்று அக்கா தங்கைகள். வேரா அத்தையோடு சீன உணவகத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, புல்மேட்டில் மல்லாந்து மேகம் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் தொடக்கம். அதற்குப் பிறகு ஊருக்குள் எங்கே வேண்டுமானாலும் சொடுக்கலாம். எதைத் தொட்டாலும் ஒரு கதை, ஒரு பாட்டு. ஜெயிப்பது, தோற்பது கிடையாது. கதை சொல்லும் குரல் டேவிட் செடாரிஸுடையது. பின்னாளில் அமெரிக்காவில் மிகப் புகழ் பெற்ற எழுத்தாளர் ஆனவர். டங்கன் அதற்குப் பிறகு ‘ஸ்மார்ட்டி’, ‘ஜீரோ ஜீரோ’ என்று இன்னும் இரண்டு செய்தார். 2007-இல் அவர் இறந்துபோனார். அப்போது அந்த மூன்றையும் ஆட வேண்டுமானால் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டிய நிலை.

அதை மாற்றியது நியூயார்க்கில் இயங்கும் ரைசோம் என்ற கலை அமைப்பு. பொதுமக்களிடம் நிதி திரட்டி, ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகம் உருவாக்கிய முறையைப் பயன்படுத்தி, 2015-இல் மூன்று கேம்களையும் இணையத்தில் ஏற்றினார்கள். எங்கோ ஒரு சர்வரில் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் மாதிரியே நடந்துகொள்ளும் மென்பொருள் ஓடும். அதன் திரை நம் உலாவிக்குள் தெரியும். எதையும் நிறுவ வேண்டாம். சாப் சூயி அப்படியே 1995-இல் இருந்தபடி, அதே மெதுவான வேகத்தோடு வந்து நிற்கும். பழைய கேமை வைத்திருப்பது என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நான் யாருக்காவது காட்டுவதென்றால் இதைத்தான் காட்டுவேன்.

ஆனால் எல்லா கேமுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. பெண்பிள்ளைகளுக்கான இந்த கேம்கள் ஏன் மற்ற கேம்களைவிட வேகமாக அழிகின்றன? நான் பார்த்த வரையில் காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. இவை பெரும்பாலும் பொம்மைக் கடைகளில் விற்றன. கேம் பத்திரிகைகள் அனேகமாக இவற்றை எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் கேலி செய்தன. ஆகவே எழுத்துப் பதிவு குறைவு. பையனாக கேம் ஆடியவர் வளர்ந்து, சம்பாதித்து, தன் இளமைக்கால கேம்களை விலை கொடுத்து வாங்கிச் சேர்க்கிறார்; சந்தை உருவாகிறது; விலை ஏறுகிறது; விலை ஏறியதை யாரும் குப்பையில் போடுவதில்லை. பெண்பிள்ளைகளின் கேமுக்கு அந்தச் சங்கிலி ஏற்படவே இல்லை. வீடு மாறும்போது அம்மாக்கள் முதலில் கழித்துக் கட்டியது இவற்றைத்தான்.

அதிலும், விளையாடியவர்களே வெட்கப்படுகிறார்கள். பெட்டி நிறைய சிடி கொண்டுவந்த ஓர் அம்மாள், ‘என் பெண் சின்ன வயசில் இந்தக் குப்பையைத்தான் ராப்பகலாக ஆடுவாள்’ என்று மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொன்னார். அந்தப் பெண் இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டேன். கட்டடக்கலை படித்து வேலையில் இருக்கிறாளாம். அவர் கொண்டுவந்ததில் உடுப்பு வடிவமைக்கும் கேம் ஒன்றின் உறைக்குள் பென்சிலால் போட்ட அளவுக் கணக்குகள் இருந்தன. துணியை வீணாக்காமல் எத்தனை பாவாடை எடுக்கலாம் என்று ஒரு பிள்ளை போட்ட கணக்கு. அந்தத் தாளைத்தான் நான் முதலில் ஸ்கேன் செய்தேன். பெயர் எழுதியிருந்த மூலையை மட்டும் மறைத்துவிட்டேன். பிள்ளைகள் எழுதி வைத்த டைரிப் பக்கம் கிடைத்தால் படிக்காமல் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கேமைக் காப்பாற்றுகிறோம் என்பதற்காக ஒருத்தியின் ரகசியத்தை ஊருக்குக் காட்ட நமக்கு உரிமை இல்லை.

இனி வேலையைப் பற்றிச் சொல்கிறேன். சிடியில் வாசகங்கள் அச்சிட்ட மேல்பக்கம்தான் மிகவும் ஆபத்தான பக்கம். பலர் கீழ்ப்பக்கத்தில் கீறல் விழுந்தால் பதறுகிறார்கள். கீழே இருப்பது தடிமனான பிளாஸ்டிக். தகவல் இருக்கும் மெல்லிய உலோகப் பூச்சு மேல்பக்க மைக்கு நேர்கீழே, மிகச் சன்னமான ஒரு பூச்சின் பாதுகாப்பில் இருக்கிறது. பிள்ளைகள் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், பேனாவால் பூ வரைந்திருப்பார்கள். ஸ்டிக்கரைப் பிய்த்தால் உலோகமும் சேர்ந்து வந்துவிடும். ஆகவே ஸ்டிக்கர் இருந்தால் அதோடுதான் படிக்க வேண்டும். ஈரம் புகுந்து பூச்சு அரித்த சிடியை விளக்குக்கு நேரே பிடித்தால் ஊசித் துளைகள் போல வெளிச்சம் தெரியும்.

படிக்க முடிந்தால் சிடி முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபைல்களை மட்டும் இழுத்துப் போட்டால் போதாது. அந்தக் காலத்தில் ஒரே சிடியில் விண்டோஸுக்கு ஒரு பகுதி, மெக்கின்டாஷுக்கு ஒரு பகுதி என்று இரண்டும் இருக்கும்; இன்றைய கம்ப்யூட்டர் ஒன்றைத்தான் காட்டும். சில சிடிக்களில் பாட்டு தனி ஆடியோ தடங்களாக இருக்கும். சாதாரண முறையில் காப்பி எடுத்தால் கேம் ஓடும், பாட்டு காணாமல் போகும். காணாமல் போனது யாருக்கும் தெரியவும் தெரியாது. அதனால் அதே கேமின் இன்னொரு பிரதி கிடைத்தால் இரண்டையும் படித்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

காப்பி கையில் வந்தபின் ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த கேம்களில் பல மேக்ரோமீடியா டைரக்டர் என்ற மென்பொருளில் செய்தவை. 640-க்கு 480 புள்ளித் திரை, 256 நிறங்கள், வீடியோவுக்கு அந்தக் காலத்துக் குவிக்டைம். நிறுவும் புரோகிராம் 16 பிட்டில் எழுதியது. இன்றைய 64 பிட் விண்டோஸ் அதைத் தொடக்கூட மறுக்கும். பழைய கம்ப்யூட்டரையே மென்பொருளாகப் போலி செய்யும் எமுலேட்டர்கள் உண்டு. அதற்குள் விண்டோஸ் 95 போட்டு, பிறகு கேமைப் போட வேண்டும். ‘ஸ்கம்விஎம்’ என்ற திட்டத்தில் தன்னார்வலர்கள் டைரக்டர் கேம்கள் நேரடியாக ஓடும்படி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். முகம் தெரியாத அவர்களுக்கு இந்தத் துறையே கடன்பட்டிருக்கிறது.

ஒருநாள் போனில் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். “ஏட்டி, பொம்மைக்குச் சட்டை மாட்டுற வெளையாட்டுக்கா இம்புட்டுப் பாடு படுற?” என்றார். “நீ ஒன் சின்ன வயசுல சோளத்தட்டையில பொம்மை செஞ்சு துணி சுத்துனதை எனக்குச் சொன்னியேம்மா, அதை யாராவது எடுத்து வச்சிருந்தா எப்படி இருக்கும்?” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அதை எவா எடுத்து வைப்பா” என்றார் பிறகு.

ஜப்பானில் இதைவிடச் சிக்கலான பொருள் ஒன்று இருக்கிறது. கேசியோ கம்பெனி 1995 அக்டோபரில் ‘லூப்பி’ என்ற வீடியோ கேம் இயந்திரத்தைப் பெண்பிள்ளைகளுக்கென்றே கொண்டுவந்தது. விலை 25,000 யென். அதன் வயிற்றுக்குள்ளேயே கலர் ஸ்டிக்கர் அச்சிடும் பிரிண்டர் இருந்தது. கேமில் பிடித்த காட்சி வந்தால் நிறுத்தி, ஸ்டிக்கராக அடித்து, தோழிக்குக் கொடுக்கலாம். ஜப்பானைத் தாண்டி அது போகவில்லை. பத்து கேம்கள் அளவில் வந்ததோடு முடிந்துபோயிற்று. அண்மை ஆண்டுகளில் ஆர்வலர்கள் அதற்கும் எமுலேட்டர் எழுதிவிட்டார்கள். ஆனால் ஸ்டிக்கர் சுருள் அடங்கிய கேட்ரிட்ஜை இனி யார் செய்வார்கள்? கேம் திரையில் ஓடும், ஸ்டிக்கர் கைக்கு வராது. பார்பியின் துணிக்கு நேர்ந்ததேதான். பெண்பிள்ளைகளுக்குச் செய்த கேம்களில் திரைக்கு வெளியே வந்து கையில் தங்கும் பொருள் அடிக்கடி இருந்தது. காப்பகங்களோ திரைக்குள் இருப்பதை வைத்துத்தான் தங்கள் முறைகளை அமைத்திருக்கின்றன. இதைப் பற்றி இன்னும் போதிய அளவு யாரும் யோசிக்கவில்லை என்பது என் கட்சி.

எங்கள் ஊர் கோவில்பட்டியில் ராக்கெட்டும் இல்லை, லூப்பியும் இல்லை. 2000-களில் எங்களுக்குக் கிடைத்தது பிரவுசிங் சென்டரும் ஃபிளாஷ் கேம்களும். நானும் என் சித்தி மகளும் ஒரே நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, அரை மணி நேரத்துக்குக் காசு கொடுத்து, மணமகள் அலங்காரமும் பீட்சா கடையும் ஆடியிருக்கிறோம். இந்த ஆங்கில கேம்களை யார் செய்தார்கள், எங்கிருந்து வந்தன என்று கேட்கத் தோன்றியதே இல்லை. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு, அந்த கேம்களை உலாவியில் ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருளை அடோபி நிறுவனம் நிறுத்தியது. அன்றைக்கு உலகம் முழுவதும் அந்த கேம்கள் ஒரே அடியில் செத்திருக்க வேண்டும். ‘ஃபிளாஷ்பாயின்ட்’ என்ற தன்னார்வத் திட்டம் 2018-லேயே முந்திக்கொண்டு சேகரிக்கத் தொடங்கியதால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கேம்களும் அசைபடங்களும் பிழைத்திருக்கின்றன. அதற்குள் அலங்கார கேம்களும் ஏராளமாக இருக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்று தரம் பார்க்காமல் வாரி எடுத்தார்கள். அதுதான் சரி. எது முக்கியம் என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தால் மணமகள் அலங்காரத்தை யார் எடுத்திருப்பார்கள்?

சட்டம் இன்னொரு முட்டுக்கட்டை. அமெரிக்காவில் கம்பெனிகள் வெளியிட்ட படைப்புக்கு 95 வருடம் காப்புரிமை. 1997-இல் வந்த ராக்கெட் 2093-இல்தான் பொதுச் சொத்தாகும். அதற்குள் சிடி இருக்காது. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்றைக்கு எந்தக் கடையிலும் வாங்கக் கிடைக்காது. நூலகங்கள் அவற்றைக் காப்பி எடுத்து வைக்கலாம். ஆனால் ஆய்வாளர் நேரில் வந்துதான் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்தே பார்க்க அனுமதிக்கும்படி கேட்ட வேண்டுகோளை அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் நிராகரித்தது. புத்தகத்துக்கு ஒரு நியாயம், கேமுக்கு ஒரு நியாயம் என்பதை நூலகத்தில் வேலை பார்ப்பவளாக என்னால் ஏற்க முடியவில்லை. விற்பனையில் இருந்தால் கேம் பத்திரமாக இருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. நான்சி ட்ரூ கேம்கள் இன்றும் விற்கின்றன. ஆனால் 1998-இல் வந்த முதல் கேமை 2010-இல் முடிவையே மாற்றிப் புதுப்பித்தார்கள். பழைய முடிவு வேண்டுமென்றால் பழைய சிடியைத்தான் தேட வேண்டும்.

நிலைமை மாறவே இல்லை என்று சொல்லமாட்டேன். ரேச்சல் சிமோன் வைல் என்ற கலைஞர் 2012-இல் ‘ஃபெமிகாம்’ என்ற பெயரில் பெண்மை சார்ந்த பழைய கேம்களுக்கும் மின்னணுப் பொருள்களுக்கும் என்றே ஓர் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். தனி ஒருவரின் பிடிவாதத்தில் தொடங்கிய வேலை. நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் உள்ள ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகம் 2023-இல் உலக வீடியோ கேம் புகழ்க்கூடத்தில் நான்கு கேம்களைச் சேர்த்தது. அதில் ஒன்று பார்பி ஃபேஷன் டிசைனர். வெளிவந்து இருபத்தேழு வருடம் கழித்து அந்த மரியாதை கிடைத்தது.

இந்த கேம்களில் பலவற்றை நான் என் மகளுக்கு ஆடக் கொடுக்கமாட்டேன். ஒல்லியான உடம்புதான் அழகு, கடைக்குப் போவதுதான் சந்தோஷம் என்று சொல்லித்தரும் கேம்கள் அலமாரியில் நிறைய இருக்கின்றன. அவற்றையும் அதே கவனத்தோடு காப்பி எடுக்கிறேன். ஒரு தலைமுறைப் பெண்பிள்ளைகளிடம் பெரியவர்கள் என்ன சொன்னார்கள் என்பது அதற்குள்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் சொன்னபடி கேட்டார்களா, அல்லது அதே கேமை வைத்துத் துணிக்கணக்கு போட்டார்களா என்பது பெட்டிக்குள் கிடக்கும் தாளில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து கிடைத்தால்தான் வரலாறு எழுத முடியும்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய சிடி உறைகள் இருக்கலாம். தமிழில் வந்த குழந்தைப் பாட்டு சிடியாக இருக்கலாம், கம்ப்யூட்டர் வாங்கும்போது கடைக்காரர் சேர்த்துக் கொடுத்த கேம் சிடியாக இருக்கலாம், வெளிநாட்டிலிருந்து மாமா வாங்கிவந்த பார்பியாக இருக்கலாம். தூக்கிப் போடாதீர்கள். தூசி இருந்தால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். சிடி டிரைவ் உள்ள ஒரு கம்ப்யூட்டரைப் பிடித்து முழுச் சிடியையும் காப்பி எடுங்கள். பெட்டியையும் கையேட்டையும் முன்னும் பின்னும் படம் எடுங்கள். யார் விளையாடியது, எந்த வயதில், எந்த ஊரில், யாரோடு என்று ஒரு தாளில் எழுதி அதற்குள்ளேயே வையுங்கள். உங்கள் அக்காவிடமோ மகளிடமோ இன்றைக்கே கேட்டு எழுதிவிடுங்கள்.